'சே', 'டெல்': எதை எங்கே ஆள்வது?

தமிழில் 'சொல்' என்ற ஒரே வினை செய்யும் வேலையை ஆங்கிலம் 'சே', 'டெல்' என்று இரண்டுக்குப் பங்கிட்டிருப்பதால், நம்மவர் தடுமாறுவது பெரும்பாலும் கேட்பவரைக் குறிப்பிடும் இடத்தில்தான். 'டெல்' கேட்பவரை நேரடியாக ஏற்கும். 'ஷி டோல்ட் மீ' என்பது சரி. 'ஷி செட் மீ' என்பதோ பிழை. இடையில் 'டு' சேர்த்து 'ஷி செட் டு மீ' என்றாக வேண்டும். யாரிடம் சொன்னார் என்பது தேவைப்படாதபோதும், ஒருவர் பேசியதை மேற்கோளாக அப்படியே தரும்போதும், அறிவிப்புப் பலகையில் எழுதியிருப்பதைக் குறிக்கும்போதும் 'சே'யே பொருந்தும். ஏவலுக்கு 'டெல்': அவரைக் காத்திருக்கச் சொல் என்பது 'டெல் ஹிம் டு வெயிட்'.

பொய், உண்மை, கதை, நகைச்சுவை ஆகியவற்றுக்கு 'டெல்' வரும், பிரார்த்தனைக்கு 'சே' வரும். இவற்றுக்குக் காரணம் தேடுவதைவிடத் தொடராகவே மனத்தில் இருத்திக்கொள்வது மேல். 'டெல் த டைம்', 'டெல் த டிஃபரன்ஸ்' ஆகியவற்றிலோ சொல்லுதலே இல்லை. கடிகாரம் பார்த்து மணி அறிவதும், வேறுபாட்டைப் பிரித்தறிவதுமே பொருள். முற்காலத்தில் 'டெல்' எண்ணுதலையும் குறித்தது; வங்கியில் பணம் எண்ணித் தருபவருக்கு 'டெல்லர்' என்று பெயர் வந்தது அதனால்தான்.