ஆட்கள் நிலைக்கும் ஓட்டல்: கும்பகோணத்தில் ஒரு சைவ உணவகம்

கும்பகோணம் மகாமகக் குளத்தை ஒட்டிய தெரு ஒன்றில் இயங்கும் இந்தச் சைவ உணவகத்தின் இட்லியும் அதற்குத் தொட்டுக்கொள்ளும் பாசிப்பருப்பு, உருளைக்கிழங்குக் குழம்பான கடப்பாவும் ஊரறிந்தவை என்பதால், அவற்றைக் காட்டிலும் அங்கே பரிமாறுகிறவர்களைப் பற்றியே அதிகம் எழுத விரும்புகிறேன். ஆண்டுக்கணக்கில் அதே சப்ளையர்களும் அதே தோசை மாஸ்டரும் இருப்பது இன்றைய ஓட்டல் தொழிலில் அரிது. (உணவகத்தின் பெயரை வெளியிட்டால் மாஸ்டரை வேறு கடைக்காரர்கள் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள் என்று உரிமையாளர் அஞ்சுவதால், அதைத் தவிர்த்திருக்கிறேன்.)

பல ஓட்டல்களில் ஆளைப் பிடித்து வைக்கும் வழி அட்வான்ஸ்தான். மாஸ்டருக்கு ஒரு தொகையைக் கொடுத்துச் சம்பளத்தில் சிறிது சிறிதாகக் கழித்துவருவார்கள். அது தீரும் முன்பே அடுத்த முதலாளி பாக்கியை அடைத்து அவரை அழைத்துக்கொள்ள, கடன் கைமாறுகிறதே தவிர ஆள் நிலைப்பதில்லை. இந்த உணவகத்தில் மருத்துவச் செலவுக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் மட்டுமே அட்வான்ஸ் தருகிறார்கள்.

அவர்கள் முதலில் திருத்தியது வேலை நேரத்தை. காலை டிபனுக்கு வந்து, பிற்பகலில் சில மணி நேரம் எங்கும் போக முடியாமல் கிடந்து, மறுபடி இரவு வரை நிற்கும் பிரேக் ஷிப்ட்தான், சம்பளக் குறைவைவிட அதிகமாக, இத்தொழிலிலிருந்து இளைஞர்களை விரட்டுகிறது என்பது என் எண்ணம். இங்கே காலை ஆறு முதல் இரண்டு வரை, இரண்டு முதல் இரவு பத்து வரை என இரண்டே ஷிப்டுகள். டிப்ஸ் கல்லாவுக்கு அருகிலுள்ள ஒரே உண்டியலில் சேர்ந்து, பாத்திரம் கழுவுகிறவர் உட்பட அனைவருக்கும் சனிக்கிழமை பிரிக்கப்படுகிறது.

20 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடத்தில் வருங்கால வைப்புநிதி சட்டப்படி கட்டாயம் என்றாலும், கைக்கு வரும் தொகை குறையும் என்பதால் புதிதாகச் சேர்கிறவர்களே பிடித்தத்தை விரும்புவதில்லை. இங்கே மேனேஜர் அவரவர் கைப்பேசியிலேயே கணக்கில் ஏறிய தொகையைக் காட்டிவிடுகிறார்; வாய்ப்பேச்சைவிட அது நன்றாக வேலை செய்கிறது.

இதன் பலன் மேசையில் தெரிகிறது. ஒடிசாவிலிருந்து வந்த ஓர் இளைஞருக்கு முதலில் சட்னி வாளி மட்டும் தரப்பட்டிருந்தது; மூத்த சப்ளையர் ஒருவர் பின்னாலேயே நடந்து, இலையின் எந்தப் பக்கம் எதை வைப்பது என்று தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டே வந்தார். மாதந்தோறும் ஆள் மாறும் கடையில் இப்படிக் கற்றுக்கொடுக்க யாருக்குப் பொறுமை இருக்கும்?

குறைகளும் உண்டு. கடைகளிலும் நிறுவனங்களிலும் பணியாளர்களுக்கு இருக்கை தர வேண்டும் எனத் தமிழ்நாட்டில் 2021இல் சட்டத்திருத்தம் வந்தது. இவ்வளவு யோசிக்கும் நிர்வாகம், கூட்டமில்லாத நேரத்திலும் சப்ளையர்களைச் சுவரோரம் நிற்கவைப்பது பொருந்தவில்லை. பெண்கள் காய் நறுக்கவும் மாவரைக்கவும் மட்டுமே அமர்த்தப்படுகிறார்கள். நெய் ரோஸ்ட் பக்கத்துக் கடைகளைவிடப் பத்துப் பதினைந்து ரூபாய் அதிகம். அதை நான் மனமாரக் கொடுப்பேன், ஆறிப்போன சாம்பாருக்குக் கொடுக்க மாட்டேன். முகூர்த்த நாட்களில் காலை எட்டு முதல் பத்து வரை இடம் கிடைப்பது கடினம். செவ்வாய்க்கிழமை முழுநாள் விடுமுறை.