பரணிலிருந்து இறங்கிய கேசட்டுகள்: மூன்று வருட அனுபவம்

2022 மே மாதம் வெள்ளையடிப்பதற்காகப் பரணைக் காலி செய்தபோது என் பழைய வீடியோ கேம் பெட்டி கிடைத்தது. 1997இல் அப்பா மதுரையில் வாங்கித் தந்தது. நிண்டெண்டோ 1983இல் ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாம் என்ற கேம் பெட்டியின் மலிவு நகல். கூடவே பதினோரு கேசட்டுகள். அன்றிலிருந்து பெரும்பாலான ஞாயிற்றுக்கிழமைகளில் அதில்தான் விளையாடுகிறோம்.

படம் வராவிட்டால் கேசட்டைக் கழற்றி ஊதி மாட்டுவோமே, அதை இனிமேல் செய்யாதீர்கள். எச்சில் ஈரம் பட்டால் கேசட்டின் அடியிலுள்ள செப்புப் பட்டைகள் அரித்துப்போகும். படம் வந்தது ஊதியதால் அல்ல, மறுபடி செருகியதில் 60 பின்களும் சரியாகப் பொருந்தியதால்தான். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டுத் துடைத்தேன். ஒன்பது கேசட்டுகள் ஓடின. மற்ற இரண்டில் கறுப்புப் பிசினுக்கு அடியில் இருக்கும் சிப்பே போய்விட்டது.

வாத்து சுடும் துப்பாக்கிதான் அதிகம் படுத்தியது. எல்இடி டிவியில் ஒரு வாத்துகூட விழவில்லை. விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் இருண்டு, வாத்து இருக்கும் இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் மின்னும். துப்பாக்கிக் குழலுக்குள் இருக்கும் சென்சார் அந்த வெளிச்சத்தைப் பிடிக்க வேண்டும். பழைய பிக்சர் ட்யூப் உடனுக்குடன் ஒளிர்வதை நம்பிச் செய்த ஏற்பாடு அது. புது டிவிகள் படத்தைச் சற்றுத் தாமதமாகக் காட்டுவதால் கணக்கு தப்பிவிடுகிறது. சித்தி வீட்டில் அரசு கொடுத்த 14 அங்குல கலர் டிவி மூலையில் கிடந்தது. அதைக் கொண்டுவந்த அன்றைக்கே வாத்துகள் விழுந்தன. உங்கள் வீட்டில் ட்யூப் டிவி இருந்தால் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள்.

சரி, விளையாட்டுகளுக்கு வருவோம். '99999 இன் 1' கேசட் அன்றைக்கே ஏமாற்று. சில டஜன் விளையாட்டுகளையே வேறு வேறு ஸ்டேஜில் தொடங்கவைத்து எண்ணிக்கையைக் கூட்டியிருப்பார்கள். கார் ஓட்டும் ரோட் ஃபைட்டர் பத்து நிமிடத்தில் அலுக்கிறது. சூப்பர் மாரியோ அலுக்கவே இல்லை. 32 ஸ்டேஜும் வெறும் 40 கிலோபைட்டுக்குள் அடக்கம். இடத்தை மிச்சப்படுத்த மேகத்தின் படத்துக்கே பச்சை நிறம் கொடுத்துப் புதராக்கியிருக்கிறார்கள். சிறுவயதில் ஆயிரம் முறை பார்த்தும் கண்ணில் படாத விஷயம், இப்போது ஒவ்வொரு முறையும் படுகிறது.

ஆனால் மூன்று வருடமாக அதிகம் ஓடுவது டாங்க் கேம்தான். நாம்கோ 1985இல் வெளியிட்ட பேட்டில் சிட்டி. நம் தளத்தின் சின்னமான கழுகைக் காத்துக்கொண்டே ஒரு ஸ்டேஜுக்கு இருபது டாங்குகளை வீழ்த்த வேண்டும். ஓடிக்கொண்டே சுடும் காண்ட்ராவும் இரண்டு பேர் ஆடுவதுதான், ஆனால் அதில் ஆளுக்கொரு பக்கம் ஓடிக்கொண்டிருப்போம். இதில் ஒருவர் கழுகுக்குக் காவல் நின்றால்தான் மற்றவர் முன்னே போக முடியும். நம் குண்டு கூட்டாளி மேல் பட்டால் அவர் டாங்க் கொஞ்ச நேரம் நகராது. அந்த ஒரு விதியால் நானும் தம்பியும் போட்ட சண்டைகள் கொஞ்சமல்ல. தீபாவளிக்கு வந்தவன் முதல் ஸ்டேஜிலேயே "டேய் அண்ணா, என்னைச் சுடாதடா!" என்று கத்தினான். இருபத்தைந்து வருடத்துக்கு முன்பு கத்திய அதே குரல்.

ஒன்பது வயது மகளுக்குப் பிடித்தது அதிலுள்ள கன்ஸ்ட்ரக்‌ஷன். செங்கல், இரும்பு, தண்ணீர் எல்லாம் வைத்து நாமே களம் கட்டலாம். பெட்டியை அணைத்தால் கட்டியது அழிந்துவிடும். முதல் தடவை அழுதாள். அப்புறம் கணக்கு நோட்டில் 13க்கு 13 கட்டம் போட்டு, தன் களங்களைப் பென்சிலால் வரைந்து வைக்கத் தொடங்கினாள். இதுவரை பதினேழு பக்கம் ஆகியிருக்கிறது. பதினெட்டாவதில் கழுகைச் சுற்றி இரும்பு வைத்து, "சித்தப்பாவுக்கு" என்று மேலே எழுதியிருக்கிறாள். பொங்கலுக்கு அவன் வருகிறான்.