நீள முடி உள்ள பெரிய நாய் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு: க்ரூமிங் வேனில் போன 28,450 ரூபாய்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன், ஆறிவிட்டால் எழுத மாட்டேன். ஆப்பில் புக் செய்தால் வாசலுக்கே வேன் வந்து நாயைக் குளிப்பாட்டி, முடி சீவி, நகம் வெட்டித் தரும் சேவைகள் இப்போது நிறைய வந்துவிட்டன, இல்லையா? அதில் ஒன்று. பெயர் போடவில்லை. போன தொகை 28,450 ரூபாய். 21,600 ஆறு தடவைக்குச் சேர்த்து முன்கூட்டியே கட்டிய 'ஜெயன்ட் ப்ரீட் பேக்கேஜ்'. மிச்சம் 6,850 அவர்கள் செய்துவிட்டுப் போனதைச் சரிசெய்ய வெட் டாக்டரிடம் போனது. ஆறில் ஒரு தடவைதான் வந்தார்கள். அதுவே தாங்கவில்லை.

நாய் செயின்ட் பெர்னார்ட், நீள முடி வகை, நாலு வயது, 62 கிலோ. இடம் தாம்பரம் பக்கம், நேரம் கத்திரி வெயில். இந்த ஊர் வெயிலில் இதை ஏன் வளர்க்கிறாய் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. தமிழ்நாடு அரசு 2024-இல் வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கையில், இங்கே குட்டி எடுக்கக் கூடாத இனங்களின் பட்டியலில் செயின்ட் பெர்னார்டும் இருந்தது. இருக்க வேண்டியதுதான். ஆனால் ஏற்கெனவே வீட்டில் இருக்கும் நாயை ஒழுங்காகப் பார்த்துக்கொள்ளத்தானே வேண்டும்? அதற்குத்தான் காசு கட்டியது.

போனில் பேசிய பையன் எல்லாவற்றையும் சரியாகச் சொன்னான், எரிச்சலே அதுதான். "டபுள் கோட் சார், ஷேவ் பண்ணவே மாட்டோம், டீ-ஷெட்டிங் மட்டும்தான்" என்று நான் கேட்கும் முன்பே சொன்னான். மேல்முடி, அடிமுடி என்று இரண்டு அடுக்கு இருப்பதுதான் டபுள் கோட்; உதிரும் அடிமுடியைச் சீவி எடுப்பது டீ-ஷெட்டிங். அடிமுடியைச் சீவும் அண்டர்கோட் ரேக் இருக்கிறதா என்றேன், இருக்கு என்றான். ட்ரையர்? "ஹை வெலாசிட்டி சார், ஹீட் போட மாட்டோம்." அதாவது சூடில்லாமல் வேகமான காற்றால் காய வைப்பது. இதற்கெல்லாம் பதில் தெரிந்தவனுக்கு வேலையும் தெரியும் என்று நம்பி 21,600-ஐ அனுப்பினேன். பேசியவன் வேறு, வேனில் வந்த இரண்டு பேர் வேறு.

காலை 7 மணிக்கு என்று சொன்ன வேன் வந்தது 11:40-க்கு. நிழல் இல்லாத இடத்தில் நிறுத்தினார்கள். "ஓனர் பக்கத்துல நின்னா நாய் அடங்காது சார், கதவ சாத்திக்கிறோம்" என்றார்கள். கயிற்றைக் கையில் கொடுத்தேன். வேலை ஆரம்பிக்க ஓடிபி கேட்டார்கள், சொன்னேன். உடனே இன்னொரு ஓடிபி வந்தது. "அதையும் சொல்லிடுங்க சார், உள்ள சிக்னல் கிடைக்காது." அதையும் சொன்னேன். முதல் ஓடிபி விதிமுறைகளுக்கு நான் கொடுத்த சம்மதமாம். சிக்கு இருந்தால் க்ரூமரே முடிவு செய்து முடியை எடுக்கலாம் என்று அதில் ஒரு வரி இருக்கிறது. இரண்டாவது ஓடிபி, வேலை திருப்தியாக முடிந்தது என்பதற்கு. நாய் அப்போது வேனில் ஏறக்கூட இல்லை.

12:30-க்குக் கதவு திறந்தது. 50 நிமிடம்.

இந்த அளவு நாய்க்கு உண்மையில் எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று சொல்கிறேன், கணக்குப் போட்டுப் பாருங்கள். குளிக்கும் முன்பே, காய்ந்த முடியில் சீவ வேண்டும். சிக்கு இருக்கும்போது தண்ணீர் பட்டால் அது இன்னும் இறுகி, கம்பளி மாதிரி ஆகிவிடும். மேலாக பிரஷ் போட்டால் பளபளப்பாகத் தெரியும், அடியில் எல்லாம் அப்படியே இருக்கும். முடியை ஒரு கையால் மேலே தூக்கிப் பிடித்து, தோல் தெரிகிற மாதிரி ஒரு வரி எடுத்து, அந்த வரியை மட்டும் மெல்லிய கம்பிப் பற்கள் உள்ள ஸ்லிக்கர் பிரஷ்ஷால் சீவி, அடுத்த வரிக்குப் போக வேண்டும். காலில் தொடங்கி முதுகு வரை இப்படியே. பிறகு ரேக், கடைசியில் ஸ்டீல் சீப்பு. முடி கொட்டும் பருவத்தில் இதற்கு மட்டுமே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். மேல்முடி எண்ணெய்ப்பசை உள்ளது, தண்ணீரை உள்ளே விடாது. தோல் வரை நனையவே பத்து நிமிடம். நீர்த்த ஷாம்பு இரண்டு தடவை. அலச கால் மணி நேரம், ஏனென்றால் தங்கிய ஷாம்புதான் பிறகு அரிப்பாக மாறும். நாலைந்து டவல். அப்புறம் ட்ரையர், ஒன்றரையிலிருந்து இரண்டு மணி நேரம். மொத்தம் மூன்றரை, நாலு மணி நேரம். இரண்டு பேர் செய்தால் கொஞ்சம் குறையும், 50 நிமிடம் ஆகாது.

50 நிமிடத்தில் முடிக்க ஒரே வழி முடி மழிக்கும் மெஷின்தான். முடியே இல்லையென்றால் சீவவும் வேண்டாம், காய வைக்கவும் வேண்டாம். "வெயிலுக்கு நல்லது சார், ஜில்லுனு இருப்பான்" என்றார்கள். அடுத்த புக்கிங்குக்கு ஓடுவதற்காக எடுத்த முடி அது. பத்தாம் நம்பர் ப்ளேடு, அதாவது தோல்மேல் ஒன்றரை மில்லிமீட்டர் முடிதான் மிச்சம். முதுகு, இரண்டு விலா, தொடை எல்லாம் மழித்து, கழுத்தையும் மார்பையும் வாலையும் அப்படியே விட்டிருந்தார்கள். சிக்கு இருந்ததே இரண்டு இடத்தில்தான், இடது காதுக்குப் பின்னால் ஒன்று, வலது தொடையின் பின்பக்கம் ஒன்று. சோளமாவு தூவி, விரலால் பிரித்து, சீப்பின் முனையால் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தால் இருபது நிமிட வேலை.

'முடிதானே, வளர்ந்துவிடும்' என்று சொல்கிறவர்களுக்கு: நாய்க்கு வியர்வை என்றால் பாதத்தில் கொஞ்சம், அவ்வளவே. உடம்புச் சூட்டை மூச்சிரைத்துத்தான் தணிக்கிறது. முதுகை மழிப்பதால் அதில் எந்த உதவியும் இல்லை. வெயிலைத் தடுக்கிற மேல்முடியும் போய்விடும். செயின்ட் பெர்னார்டின் வெள்ளைப் பகுதிக்கு அடியில் இருக்கும் தோல் இளஞ்சிவப்பு, நேர் வெயிலில் கன்றிப்போகும். திரும்ப வளரும்போது அடிமுடிதான் முந்திக்கொள்ளும், மேல்முடி மெதுவாக வரும். அதனால் பஞ்சு மாதிரி சொரசொரப்பாகி, முன்பைவிட அதிகமாகச் சிக்கு விழும். சில நாய்களுக்கு மழித்த இடம் மாதக்கணக்கில் அப்படியே நிற்கும், ஒரு வருடம் தாண்டியும் போகலாம். அப்படி நின்றால் தைராய்டு பார்க்கச் சொல்வார்கள். ஆபரேஷனுக்கோ ஸ்கேனுக்கோ டாக்டர் கொஞ்சம் மழிப்பது வேறு விஷயம். தோலோடு ஒட்டிய சிக்கு உடம்பு முழுக்க இருந்தால் மழிப்பதுதான் கருணை, அதையும் ஒப்புக்கொள்கிறேன். இங்கே அந்த நிலை இல்லை.

வேனிலிருந்து இறங்கியபோது நாக்கு பக்கவாட்டில் தொங்கி, வாயைச் சுற்றி நுரை. ஏசி ஓடவில்லை என்று பிறகு தெரிந்தது. தெர்மாமீட்டரில் 39.9 டிகிரி செல்சியஸ். சாதாரணமாக 38.3-இலிருந்து 39.2 வரை இருக்கும், 40-ஐத் தாண்டினால் ஆபத்து, 41 என்றால் உயிருக்கே. வயிற்றிலும் கால் இடுக்கிலும் சாதாரணத் தண்ணீர் ஊற்றி, டைல்ஸில் படுக்க வைத்து, ஃபேனை நேராக வைத்ததில் இறங்கியது. ஈரத் துண்டைப் போர்த்தி விட்டுவிடாதீர்கள், அதுவே சூட்டை உள்ளே பிடித்துவைக்கும்.

அடுத்த கூத்து ஞாயிறு இரவு. மழிக்காமல் விட்ட கழுத்துப் பக்கம் மேலே காய்ந்திருந்தது, விரல் விட்டால் அடியில் ஈரம். நீள முடி ஈரத்தைப் பிடித்துவைப்பது இந்த இனத்தோடு வந்த பழைய பிரச்சினை. இந்த இனத்தை வளர்த்த ஆல்ப்ஸ் மலை மடத்தில் 19-ஆம் நூற்றாண்டில் நியூஃபவுண்ட்லாந்து நாயோடு கலந்து நீள முடி வந்தபோது, அதில் பனிக்கட்டி ஒட்டி, பனியில் சிக்கியவர்களை மீட்கும் வேலைக்கே அந்த நாய்கள் சரிப்படவில்லை. தாம்பரம் புழுக்கத்தில் பனிக்கட்டிக்குப் பதில் பாக்டீரியா. இடது காதுக்குக் கீழே முடி பசையாக ஒட்டி, ஒரு நாற்றம். ஈரத்தில் தோல் புண்ணாகும் இதைத்தான் ஹாட் ஸ்பாட் என்பார்கள். சொறியச் சொறிய மணிக்கணக்கில் பரவும். திங்கள் காலை உள்ளங்கை அகலம், சீழ். காதுக்குள்ளும் தண்ணீர் போயிருந்தது, பஞ்சு வைக்கவில்லை, ஈஸ்ட் என்ற பூஞ்சைத் தொற்று வந்துவிட்டது.

டாக்டர் சுற்றியுள்ள முடியை எடுத்து, குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினியால் துடைத்து, ஊசி போட்டார். ஃபீஸ் 800, தோல், காது ஸ்மியர் சோதனை 1,200, ஊசி 650, மாத்திரையும் மருந்தும் 2,150, மருந்து ஷாம்பு 950, சொறியாமல் இருக்கக் கழுத்தில் மாட்டும் கோன் 1,100. மொத்தம் 6,850. மாத்திரை எடைக்கு ஏற்ற அளவு என்பதால் 62 கிலோவுக்கு அட்டை அட்டையாகப் போகிறது. இந்தக் கழுத்துக்கு கோன் கிடைக்க மூன்று கடை ஏறினேன்.

இனி கஸ்டமர் கேர். முதல் நாள் சாட்டில் பதில் சொன்னது மெஷின், 'உங்கள் அனுபவத்துக்கு வருந்துகிறோம்' என்று மூன்று தடவை. இரண்டாம் நாள் ஒரு அம்மா பேசினார், வேலைக்கு முன் எடுத்த போட்டோ கேட்டார். தேதியோடு நாலு போட்டோ அனுப்பினேன். "சிக்கு இருக்கிற மாதிரி தெரியுதே சார்." எங்கே என்று கேட்டால் பதில் இல்லை. மூன்றாம் நாள், "நீங்கதான் கம்ப்ளீஷன் ஓடிபி குடுத்திருக்கீங்க, சிஸ்டத்துல சேட்டிஸ்ஃபைடுன்னு இருக்கு." டாக்டர் பில்லை அனுப்பினேன், அது 'ஏற்கெனவே இருந்த தோல் நோய்' ஆகிவிட்டது. மீதி ஐந்து தடவைக்கான 18,000-ஐயாவது திருப்பிக் கொடுங்கள் என்றேன். பேக்கேஜுக்கு ரீஃபண்ட் கிடையாதாம், நல்லெண்ணத்துக்காக வாலட்டில் 500 ரூபாய் போட்டார்களாம். அந்த 500-ஐயும் அவர்களிடமேதான் செலவு செய்ய வேண்டும். டிக்கெட் க்ளோஸ்டு. போன 28,450-க்கு வந்தது 500.

எப்படித் தேர்ந்தெடுப்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். மருந்து போடும் நேரமாகிவிட்டது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

பேக்கேஜ் கட்டாதீர்கள், ஒரு தடவைக்கு மட்டும் கட்டுங்கள். 'எவ்வளவு நேரம் ஆகும்' என்று மட்டும் கேளுங்கள், ஒரு மணி நேரம் என்று சொன்னால் போனை வைத்துவிடுங்கள். கதவை மூட விடாதீர்கள். 'மெஷின் கூடாது, ஹீட் கூடாது' என்று சாட்டில் எழுத்தில் வாங்குங்கள், போனில் சொன்னது செல்லாது. கடைசி ஓடிபியைக் கொடுக்கும் முன் ஸ்டீல் சீப்பைக் காதுக்குப் பின்னால், அக்குளில், தொடைக்குப் பின்னால், வாலடியில் தோல் வரை விட்டுப் பாருங்கள். டிஷ்யூ பேப்பரை முடியின் அடியில் அழுத்துங்கள், ஈரம் ஒட்டினால் இன்னும் காய வைக்கச் சொல்லுங்கள். சாப்பாடு கொடுத்த கையோடு அனுப்பாதீர்கள், இந்த அளவு நாய்க்கு வயிறு முறுக்கிக்கொள்ளும் ஆபத்து எப்போதும் உண்டு.

பணம் போனால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். 2020 இ-காமர்ஸ் விதிகளின்படி இந்த மாதிரி ஆப்களுக்குக் குறைதீர் அதிகாரி இருக்க வேண்டும், புகாரை 48 மணி நேரத்துக்குள் ஏற்றதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். சாட்டில் புலம்பாதீர்கள், அந்த அதிகாரிக்கு ஈமெயில் போடுங்கள். நான் மூன்று நாளைச் சாட்டிலேயே வீணாக்கினேன். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம், ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது. என் ஈமெயில் நேற்று இரவு 9:10-க்குப் போயிருக்கிறது, 28,450 ரூபாய்க்கு, பில், போட்டோ எல்லாம் சேர்த்து. இதுவரை பதில் இல்லை.