சுவர் எழுப்பும் மேடையா, போன போக்கில் போகும் மேடையா?

பிங்க் ஃபிளாய்டு என்ற பிரிட்டிஷ் ராக் இசைக்குழு 1980-81இல் 'தி வால்' ஆல்பத்தை மேடையேற்றியபோது, முதல் பாதி முழுக்க வேலையாட்கள் அட்டைச் செங்கற்களை அடுக்கிக்கொண்டே இருந்தார்கள். இடைவேளைக்குள் சுமார் 40 அடிச் சுவர் எழும்பி, இசைக்குழுவே கண்ணிலிருந்து மறைந்துவிடும்! கடைசியில் சுவர் சரியும். கதைக்கு அப்படியோர் அழுத்தம். ஆனால் பாட்டு வரிசையை இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. வெளிச்சம், படம், ராட்சத பொம்மை எல்லாம் அதை நம்பித்தான். செலவும் சுமையும் வேறு. நான்கே நகரங்களில்தான் நடந்தது.

1995இல் கலைந்த அமெரிக்க ராக் இசைக்குழு கிரேட்ஃபுல் டெட் நேரெதிர். ஒரு நாள் வாசித்த வரிசை மறுநாள் இருக்காது. ஒரே பாட்டு அரை மணி நேரம்கூட ஓடும். சில இரவுகள் சொதப்பும், அதுவும் சேர்த்திதான். ரசிகர்கள் ஒலிப்பதிவு செய்ய 1984 முதல் தனி இடமே ஒதுக்கினார்கள்.

ஒரே முறை பார்ப்பதென்றால் என் ஓட்டு சுவருக்கு. திரும்பத் திரும்பப் போவதென்றால், சரி, டெட்தான்.