கார்பெட்ல மேக்கப் கறை எடுக்கறேன்னு வந்து 2,800 ரேண்ட் வாங்கிட்டு கார்பெட்டையே கெடுத்துட்டுப் போனான் – தென்னாப்பிரிக்கா டர்பன் பக்கம் உள்ளவங்க உஷார்

இதை டைப் பண்ணும்போது கூட கை நடுங்குது, அவ்வளவு ஆத்திரம். சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டொங்காட் எந்தப் பக்கம் இருந்தாலும் சரி, கார்பெட் கழுவ ஆள் கூப்பிடப் போறீங்கன்னா இதைப் படிச்சுட்டு அப்புறம் போனை எடுங்க. 2,800 ரேண்ட் போச்சு, கார்பெட்டும் போச்சு.

நாத்தனார் பொண்ணுக்குக் கல்யாணம், பொண்ணு அலங்காரம் எங்க வீட்டு லவுஞ்ச்லதான். மேக்கப் போட வந்தவங்க பெட்டியைத் திறந்து வெச்சிருந்தாங்க, பசங்க குறுக்க மறுக்க ஓடினதுல ஃபவுண்டேஷன் பாட்டில் கவுந்துடுச்சு. டர்பன் வெக்கைல வியர்வைக்குக் கலையக் கூடாதுன்னே வாங்கின வாட்டர்ப்ரூஃப் சாமான். அது பத்தாதுன்னு கீழ விழுந்த மெரூன் லிப்ஸ்டிக்கை யாரோ மிதிச்சு அப்பி விட்டுட்டாங்க. கீழ இருந்தது சாதாரண கார்பெட் இல்லைங்க, என் மாமியார் துணி ஃபேக்டரியில தையல் வேலை பார்த்த காலத்துல லே-பைல போட்டு மாசாமாசம் கொஞ்சம் கொஞ்சமா கட்டி வாங்கின க்ரீம் கலர் கம்பளி கார்பெட். அதுல செருப்புக் காலோட யாரையும் மிதிக்க விடமாட்டாங்க.

நான் உடனே ஸ்பூனால வழிச்சு எடுத்துட்டு, வெள்ளைத் துணியால ஒத்தி ஒத்தி எடுத்தேன், தேய்க்கவே இல்லை. பாதிக்கு மேல வந்துடுச்சு. மிச்சம் ஒரு உள்ளங்கை அளவுதான் இருந்திருக்கும். கல்யாண வீட்டுல அதுக்கு மேல உக்காந்து பார்க்க யாருக்கு நேரம், வேலை தெரிஞ்ச ஆளு வந்து சுத்தமா எடுக்கட்டும்னு வீட்டுக்காரர் வீட்டு வேலைக்கு ஆள் பிடிச்சுத் தர்ற ஆப் ஒண்ணுல தேடினார். பேரு போடல, எல்லாருக்கும் தெரிஞ்ச மாதிரி ஆப்தான், நட்சத்திரம் எல்லாம் நிறைய இருந்துச்சு, "மேக்கப், ஒயின், மஞ்சள் எந்தக் கறையும் போகும், போகலைன்னா காசு வேண்டாம்"னு கொட்டை எழுத்துல போட்டிருந்தான்.

வந்தவன் நம்ம ஆளு. நெத்தியில விபூதி, கையில சாமிக் கயிறு. பக்கியை, அதான் பின்னாடி சாமான் ஏத்தற பிக்கப் வண்டியை, வாசல்ல நிறுத்திட்டு உள்ள வரும்போதே ஷூவைக் கழட்டி வெச்சுட்டு "வணக்கம் ஆன்ட்டி"ன்னான். காமாட்சி விளக்கைப் பார்த்துக் கும்பிட்டான். மாமியார் கையைப் பிடிச்சுக்கிட்டு "கவலைப்படாதீங்கம்மா, எங்க அம்மா வீட்டு கார்பெட் மாதிரி பார்த்துக்கறேன்"னு சொன்னான் பாருங்க, அந்த ஒரு வார்த்தைக்கு அவங்க கண்ணு கலங்கிடுச்சு, டீ போட்டுக் குடுத்தாங்க, கல்யாண வீட்டு முறுக்கும் குடுத்தாங்க. அந்த முறுக்கைத் தின்னுட்டே, கெமிக்கல் வாங்கணும் முழுசா முன்னாடியே அனுப்பிடுங்கன்னு கேட்டான், ஆப் வழியா போட்டா கமிஷன் பிடிச்சுக்கறாங்க, என் நம்பருக்கே பேஷாப் (போன் நம்பருக்கு உடனே காசு போற பேங்க் வசதி) பண்ணிடுங்கன்னான். 2,800 ரேண்ட். அப்பவே போயிடுச்சு.

அடுத்து நடந்ததைத்தான் என்னால இன்னும் தாங்க முடியல. கம்பளியா நைலானான்னு ஒரு வார்த்தை கேக்கல. மூலையில ஒரு சொட்டு விட்டுப் பார்க்கல. நேரா ஸ்டீம் மெஷினை வெச்சு ஆவி பறக்க சூடா அடிச்சான், அதோட நிக்காம முரட்டு பிரஷ்ஷைப் போட்டுத் தேய்ச்சான். லிப்ஸ்டிக்ல இருக்கறது மெழுகும் எண்ணெயும் சாயமும், சூடு பட்டா உருகி நூலுக்குள்ள இறங்கத்தானே செய்யும். உள்ளங்கை அளவு இருந்தது தாம்பாளம் அளவுக்கு ரோஸ் கலர்ல பரவிடுச்சு. நான் கத்தினதும் "இது நார்மல் ஆன்ட்டி, காயும்போது மறைஞ்சுடும்"னுட்டு பேரில்லாத ஒரு பாட்டில்ல இருந்து என்னமோ ஊத்தினான். மூக்கு எரிஞ்சுது, சத்தியமா பிளீச் வாசனை. வேண்டாம் நிறுத்துன்னு நான் சொல்லி முடிக்கறதுக்குள்ள ஊத்தி முடிச்சுட்டான். ஈரத்துல எல்லாம் ஒரே நிறமாத் தெரியும் இல்லையா, அந்த நேரம் பார்த்து டக்குனு ஒரு ஃபோட்டோ எடுத்துட்டு, மெஷினைத் தூக்கிட்டுப் போயிட்டான்.

காய்ஞ்ச பிறகு வந்து பார்க்கணும். இந்த ஊர் புழுக்கத்துல காயவே இல்லை, ஈரக் கம்பளி நாத்தம் வீடு பூரா. அடியில இறங்கின கறை மேல ஏறி வந்து சுத்தி பழுப்பு வளையம் கட்டிடுச்சு. நடுவுல மஞ்சளா போச்சு. விரலால லேசா தடவினா நூல் பொடிப்பொடியா கையோட வருது, அடிப்பக்கச் சாக்குத் துணி தெரியுது. பக்கத்து வீட்டு அங்கிள் முன்னாடி கார்பெட் கடையில வேலை பார்த்தவர், வந்து குனிஞ்சு பார்த்தார், கம்பளியில குளோரின் பிளீச் பட்டா நூலையே அரிச்சுடும்மா, இனி இதை யாராலயும் சரி பண்ண முடியாதுன்னுட்டார். மாமியார் ஒண்ணும் பேசல, எழுந்து ரூமுக்குப் போயிட்டாங்க.

போன் பண்ணினேன். "ஜஸ்ட் நவ் வர்றேன் ஆன்ட்டி." வரல. மறுபடி பண்ணினா லோட் ஷெட்டிங், மெஷின் ஓடாதுங்கறான், எங்க ஏரியால கரண்ட் இருக்கு! அப்புறம் அது பழைய கறைங்கறான், அப்புறம் உங்க கார்பெட்டே மட்டமான சரக்குங்கறான். என் மாமியார் கார்பெட்டை! கடைசியில வாட்ஸப்ல நீல டிக் மட்டும், பதில் கிடையாது. ஆப்காரங்க அதுக்கு மேல. காசு ஆப் வழியா கட்டலையே, நாங்க ஆளை அறிமுகம் மட்டும்தான் செய்யறோம், "உங்க கருத்துக்கு நன்றி"யாம். நன்றி எதுக்கு, என் 2,800 ரேண்ட் எங்க? பேங்க்ல கேட்டா பேஷாப்ல போன காசு போனதுதான், வாங்கினவன் சம்மதிச்சாத்தான் திரும்புமாம். இதுல உச்சம் என்னன்னா, அவன் ப்ரொஃபைல்ல இப்ப எங்க வீட்டு லவுஞ்ச் ஃபோட்டோ இருக்கு! ஈரமா இருந்தப்ப எடுத்தானே, அதேதான். எப்படி சுத்தமாக்கியிருக்கேன் பாருங்கன்னு போட்டு, அதுக்கு நட்சத்திரம் வேற வாங்கியிருக்கான். ஓரத்துல எங்க காமாட்சி விளக்கு தெரியுது.

விடப்போறதில்லை. 2008 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல 54வது பிரிவு இருக்கு, வேலை சரியில்லைன்னா சரி பண்ணித் தரணும், இல்லை நியாயமான அளவு காசைத் திருப்பணும். சின்னத் தொகை வழக்குக்குன்னே இருக்கற ஸ்மால் க்ளெய்ம்ஸ் கோர்ட்ல 2019ல இருந்து 20,000 ரேண்ட் வரைக்கும் கேக்கலாம், வக்கீல் வெக்கவே முடியாது, நாமளே பேசிக்கணும். முதல்ல 14 நாள் டைம் குடுத்து காசைக் கேட்டு லெட்டர் அனுப்பணுமாம், எழுதிட்டேன், நாளைக்கு அனுப்பறேன்.

கறை எடுக்கறது பத்தி விளக்கமா எழுதணும்னு நினைச்சேன், இப்ப இருக்கற மனநிலையில முடியல, அவசரத்துக்கு இது மட்டும். பவுடர், ஐஷேடோ கொட்டினா தண்ணியே படக்கூடாது, முதல்ல வேக்குவம் போடுங்க. ஃபவுண்டேஷன்னா வழிச்சு, ஒத்தி எடுத்துட்டு, ரெண்டு கப் ஆறின தண்ணியில ஒரு டீஸ்பூன் சன்லைட் லிக்விட் (பாத்திரம் கழுவற சோப்பு) கலந்து, வெள்ளைத் துணியால, ஓரத்துல இருந்து நடுவுக்கு ஒத்தணும், கடைசியில வெறும் தண்ணியால ஒத்தி சோப்பை எடுத்துடணும். லிப்ஸ்டிக்குக்கு நிறமில்லாத சர்ஜிக்கல் ஸ்பிரிட்டைத் துணியில நனைச்சு ஒத்தணும், கார்பெட் மேல ஊத்தினா அடியில இருக்கற பசை விட்டுடும். இங்க கிடைக்கற ஊதாக் கலர் மெத்ஸ் (மெத்திலேட்டட் ஸ்பிரிட்) வேண்டவே வேண்டாம், அதுவே வெளிர் கார்பெட்ல கறை பண்ணிடும். எதுவா இருந்தாலும் தெரியாத மூலையில முதல்ல சோதிச்சுப் பாருங்க. கம்பளின்னா சூடும் கூடாது, பிளீச்சும் கூடாது. ஆளை வெச்சா வேலை முடியாம ஒரு சென்ட் கூட குடுக்காதீங்க, ஆப்பை விட்டு வெளிய காசு கட்டச் சொன்னா அப்பவே வாசலைக் காட்டுங்க.

வெள்ளை பக்கி, விபூதி, ஷூ கழட்டிட்டு "வணக்கம் ஆன்ட்டி"ன்னு வர்றவன். உங்க வீட்டுக்கும் வந்திருந்தா, வேலை சரியில்லைன்னு ஃபோட்டோவோ மெசேஜோ வெச்சிருந்தா, எனக்கு அனுப்புங்க, கோர்ட்டுக்குப் போகும்போது சேர்த்துக் குடுக்கலாம். நூல் உதிர்ந்த இடத்துல கம்பளி நூல் வெச்சுப் பின்னித் தர்றவங்க டர்பன்ல யாராவது இருந்தா அதையும் சொல்லுங்க.