பெட்டிக்குள் சரக்கு நடக்காமல் எது காக்கும்? பபிள் ஷீட், பேப்பர், வைக்கோல்

ஏற்காட்டுத் தேனைக் கண்ணாடி பாட்டிலில் அடைத்து வெளியூருக்கு அனுப்ப ஆரம்பித்த புதிதில், பபிள் ஷீட் இருந்தால் போதும் என்றுதான் நினைத்திருந்தேன். பாட்டிலுக்கு மூன்று சுற்று, பெட்டிக்குப் பன்னிரண்டு பாட்டில், மேலே பிரவுன் டேப். சேலத்தில் ஒரு பார்சல் ஆபீஸில் போட்டேன். சென்னையில் பெட்டியைத் திறந்தவர் அனுப்பிய போட்டோவில் மூன்று பாட்டில் தூள். மீதி ஒன்பதும் தேனில் குளித்திருந்தன.

அடுத்த முறை போனபோது லோடுமேன் ஒருவர் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்து ஒரு குலுக்கு குலுக்கினார். “உள்ள நடக்குது பாருங்க தம்பி. நடந்தா உடையும்ங்க.”

பெட்டிக்குள் பாட்டில் நகராமல் இருக்கிறதா என்பதுதான் இப்போது முதல் கேள்வி. மெத்தென்று இருக்கிறதா என்பது எனக்கு இரண்டாவது கேள்விதான்.

பபிள் ஷீட் 1957-ல் அமெரிக்காவில் சுவரில் ஒட்டும் அலங்காரத் தாளாகச் செய்யப் போய், அது எடுபடாமல் பேக்கிங்குக்கு வந்த சரக்கு. கீறல் விழாமல் காக்கும், எடையும் இல்லை. ஆனால் தேன் கனமானது. ஒரு லிட்டர் பாட்டிலில் ஏறத்தாழ 1.4 கிலோ தேன் பிடிக்கும். மேலே நாலு பெட்டி ஏறி, இரண்டு மூன்று நாள் அழுத்தினால் குமிழ்கள் உடைந்தும் காற்று கசிந்தும் ஷீட் தட்டையாகிவிடும். கட்டும்போது இறுக்கமாக இருந்த பெட்டி, போய்ச் சேரும்போது தொளதொளவென்று இருக்கும்.

இடைவெளியை நிரப்ப வைக்கும் பிளாஸ்டிக் காற்றுத் தலையணைகளை மலை மேலேயே ஊதி அடைப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் குறைவு. அங்கே ஊதிய தலையணை இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி சேலம் வருவதற்குள் பத்தில் ஒரு பங்கு போலச் சுருங்கிவிடும். சிப்ஸ் பாக்கெட் மலையேறும்போது உப்புவதன் மறுபக்கம் இது. அந்தச் சுருக்கம் விடும் இடத்தில்தான் பாட்டில் நடக்க ஆரம்பிக்கும்.

தெர்மாகோலைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. டிவிக்கு அச்சு வார்த்தது போல வருவதற்கு ஈடே கிடையாது. உடைந்த துண்டுகளைப் பெட்டியில் திணிப்பதால் பிரயோஜனம் இல்லை. ஒரு தடவை அடி வாங்கி நசுங்கினால் பழைய உருவத்துக்கு முழுசாகத் திரும்பாது. போதாக்குறைக்கு அந்த வெள்ளை மணிகள் லேபிளில் ஒட்டிக்கொண்டு உயிரை வாங்கும்.

பாட்டிலுக்கு நான் கடைசியில் வந்து நின்றது அட்டைத் தடுப்பிலும் பழைய நியூஸ் பேப்பரிலும்தான். அஞ்சு ப்ளை, அதாவது ஐந்து அடுக்கு அட்டைப்பெட்டி, உள்ளே பன்னிரண்டு கட்டம், கட்டத்துக்கு ஒரு பாட்டில். பேப்பரைத் தாள்தாளாகக் கசக்கி, அடியில் நாலு விரற்கடை போட்டு, மேலேயும் போட்டு, மூடியைக் கொஞ்சம் அழுத்தித்தான் மூட முடிகிற அளவுக்கு அடைக்க வேண்டும். இது சோம்பேறிகளுக்கு ஆகாத வேலை. மடித்து வைத்த பேப்பர் ஒரு குஷனும் தராது. மழைக்காலத்தில் அட்டை ஈரம் குடித்துத் தளர்ந்துவிடும் என்பது ஒரு குறை. அந்த மாதங்களில் பெட்டிக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் உறை போடுகிறேன்.

ஆனால் மாம்பழத்துக்கு இந்தக் கணக்கெல்லாம் தலைகீழ். பழம் மூச்சு விடும். மல்கோவாவைப் பபிள் ஷீட்டில் சுற்றினால் உள்ளே வேர்த்து, காம்புப் பக்கம் கறுத்துப் போகிறது. சேலம் சின்னக்கடை வீதியில் சீசனில் பழம் வாங்கியவர்களுக்கு வைக்கோலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பழத்தைச் சுற்றி அது தானாகவே ஒரு குழி செய்துகொள்ளும், காற்றும் போகும். ஆனால் சூட்டைப் பிடித்து வைப்பதால் சீக்கிரம் கனியும். பக்கத்து ஊருக்கு அது நல்லது, நாலு நாள் பயணத்துக்கு ஆகாது. தூரத்துக்கு வெள்ளை ஃபோம் வலையும் துளை போட்ட அட்டைப்பெட்டியும்தான் சரி. வெளிநாடு என்றால் வைக்கோலை மறந்துவிடுங்கள். ஆஸ்திரேலியா போன்ற நாடுகள் பூச்சி பயத்தில் உள்ளேயே விடாது. மரப்பெட்டிக்கும் நடு மரம் வரை 56 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கிய முத்திரை கேட்பார்கள்.

பெட்டிக்குள் எவ்வளவு ஒழுங்காக அடைத்தாலும், லாரியில் பெட்டியே நடந்தால் எல்லாம் வீண். பெங்களூரு போகும் லாரி தொப்பூர் கணவாயைத் தாண்டியாக வேண்டும். பிரேக் அடித்தால் சரக்கு அதன் எடையில் 80 சதவீத விசையோடு முன்னால் தள்ளும் என்று வைத்துக் கட்டச் சொல்கிறது, ஐ.நா. அமைப்புகள் 2014-ல் வெளியிட்ட நெறிமுறை. நைலான் கயிறு சூட்டிலும் ஈரத்திலும் தளரும். திருகி இறுக்கும் பட்டையான ராட்செட் பெல்ட்டை டிரைவர் டீக்கு நிறுத்தும் இடத்தில் ஒரு திருகு திருகினால் மறுபடி இறுகும். கயிற்றை அவிழ்த்துத் திரும்பக் கட்டுகிற டிரைவரை நான் இதுவரை பார்த்ததில்லை.