‘ஒரு ரூபாய் வட்டிதான் அண்ணே’: பர்சனல் லோன் வாங்கப் போகிறவர்கள் கொஞ்சம் நில்லுங்கள்

மதுரை பைபாஸ் ரோட்டுப் பக்கம் ஒரு ஹார்டுவேர் கடையில் பதினாறு வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். ராத்திரி கல்லாவில் பத்து ரூபாய் இடித்தாலும் கண்டுபிடித்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புவேன். இந்த வேலையை வைத்துக்கொண்டு நான் ஏமாந்தேன் என்று எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. வேறு பெயர்ப் பலகையின் கீழும் இதே வேலை நடக்கிறது, ஒரு பெயரைத் தெரிந்துகொண்டு நீங்கள் தப்பிக்க முடியாது.

போன வருடம் தை மாதம் அக்கா மகளுக்குச் சடங்கு. உசிலம்பட்டிப் பக்கம். தாய்மாமன் சீர் என்றால் எங்கள் பக்கம் என்னவென்று இங்கே பலருக்குத் தெரியும். தட்டு வரிசை, செண்டை மேளம், ஆளுயர மாலை, கிடா, பட்டு, நகை, வழி நெடுக பிளெக்ஸ். மண்டபத்து வாசலில் மைக்கைப் பிடித்து ஒருவர் ஒவ்வொன்றாக வாசிப்பார். அக்கா என்னவோ, “தம்பி, உன்னால முடிஞ்சதைச் செய், போதும்” என்றுதான் சொன்னாள். நான்தான் கேட்கவில்லை. முந்தின வருடம் மாமாவின் தம்பி வீட்டு விசேஷத்துக்கு அந்தப் பிள்ளையின் தாய்மாமன் 151 தட்டு கொண்டுவந்தார். அந்த எண் என் மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டது. என் சம்பளம் 24,000. கையிருப்பு 60,000 இருந்தது. அதில் மரியாதையாக ஒரு சீர் செய்திருக்கலாம்.

வீட்டில் நகை இருந்தது. வங்கியில் வைத்திருந்தால் பத்து சதவீதத்தை ஒட்டிய வட்டியில் முடிந்திருக்கும். ஆனால் சீர் கொண்டுபோகிற வீட்டுப் பெண் வெறும் கையோடு, வெறும் கழுத்தோடு போனால் ஊர் என்ன சொல்லும்? இப்படி யோசித்துத்தான் பீரோவில் தங்கத்தை வைத்துக்கொண்டு வெளியில் கடன் தேடினேன். இந்த இடத்தில் என் மனைவி என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதப்போவதில்லை.

அப்போதுதான் அந்தப் போன் வந்தது. கடன் நிறுவனத்துக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் ஏஜென்ட். இருபத்தைந்து வயதிருக்கும், நல்ல மரியாதையான பையன். நேரிலேயே வந்துவிட்டான். கடைக்குப் பக்கத்தில் பருத்திப்பால் வாங்கிக் கொடுத்து, அவனே காசும் கொடுத்தான்.

“வெளில மூணு வட்டி, அஞ்சு வட்டின்னு வாங்கிட்டு ஜனங்க கஷ்டப்படுதுண்ணே. நம்மகிட்ட ஒரு ரூபாய் வட்டிதான். பேப்பர் வேலை எல்லாம் போன்லயே முடிஞ்சிரும்.”

இந்த ஒரு சொல்லில்தான் நான் விழுந்தேன். நம் ஊரில் ஒரு ரூபாய் வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய். இரண்டு லட்சத்துக்கு மாதம் 2,000. பாதி அசலைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் அடுத்த மாதத்திலிருந்து 1,000. முதல் குறையக் குறைய வட்டியும் குறையும். கைமாற்றாக வட்டிக்கு வாங்கிய எவருக்கும் இது தெரியும். நானும் அப்படியே எடுத்துக்கொண்டேன். அவன் சொன்னது ஃப்ளாட் வட்டி. மூன்று வருடமும் மொத்த இரண்டு லட்சத்துக்கும் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும், நீங்கள் எவ்வளவு அசலைக் கட்டியிருந்தாலும் சரி. அந்தக் கணக்குப்படி முப்பத்தாறாவது மாதம் என் அசல் பாக்கி 5,556 ரூபாய். அந்த மாதமும் வட்டி 2,000.

சரி, டம்ளர் காலியாவதற்குள் கடன் கையெழுத்தானது. கையெழுத்து என்றால் பேனாவே இல்லை. அவன் போனில் ஏதோ ஓர் ஆவணத்தைத் திறந்தான். முழுக்க ஆங்கிலம், பொடி எழுத்து. கட்டைவிரலால் விறுவிறுவென்று கீழே தள்ளிக்கொண்டே போனான். “எல்லாம் வழக்கமானதுதாண்ணே.” நாலு கட்டத்தில் டிக் அடித்தான். என் போனுக்கு ஓடிபி வந்தது. ஆறு இலக்கத்தையும் நானே வாசித்துக் காட்டினேன், பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி. தவணை தேதி 5 என்றிருந்தது. எனக்குச் சம்பளம் 7-ம் தேதிதான் வரும் என்றேன். “அதை மாத்திக்கலாம்ணே” என்றான். கடைசி வரை மாறவில்லை.

மறுநாள் சாயங்காலம் பணம் வந்தது. 2,00,000 அல்ல, 1,85,580. கூப்பிட்டுக் கேட்டால், பிராசசிங் கட்டணம் 3 சதவீதம், 6,000. அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 1,080. இன்சூரன்ஸ் 7,340. நான் எப்போது இன்சூரன்ஸ் கேட்டேன்? அந்த நாலு டிக்கில் ஒன்று அதுவாம். சடங்குக்கு ஒன்பது நாள் இருந்தது. செண்டை மேளத்துக்கு அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டது. வாயை மூடிக்கொண்டேன்.

சீர் பிரமாதமாக நடந்தது. 101 தட்டு. மைக்கில் என் பெயரை மூன்று முறை சொன்னார்கள்.

நான் கணக்குப் பார்த்தது அதற்கப்புறம்தான். நாலாவது தவணையின்போது, கடையில் பழைய பில் புத்தகத்தின் பின்பக்கத்தில். தவணை 7,556. முப்பத்தாறு மாதத்துக்கு 2,72,016. கையில் வந்தது 1,85,580. வித்தியாசம் 86,436 ரூபாய். 12 சதவீதம் ஃப்ளாட் என்பது, குறையும் பாக்கிக்குக் கணக்கிட்டால் 21 சதவீதத்துக்கு மேல். பிடித்த கட்டணங்களையும் சேர்த்தால் வருடத்துக்கு 27 சதவீதத்துக்குக் கிட்ட வருகிறது. காரணம் ரொம்பச் சின்னது. மாதாமாதம் அசல் கரைவதால், மூன்று வருடத்தில் சராசரியாகப் பார்த்தால் என்னிடம் இருப்பது கடனில் பாதிதான். வட்டி மட்டும் முழுத் தொகைக்கும். ஃப்ளாட் வட்டி என்று யாராவது சொன்னால் அதை ஏறக்குறைய இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள், உண்மைக்குக் கிட்டப் போய்விடுவீர்கள்.

இதில் இன்னொரு வயிற்றெரிச்சல் உண்டு. இந்த 27 அந்த ஆவணத்திலேயே இருந்தது. 2024 அக்டோபர் 1 முதல் வங்கியோ நிதி நிறுவனமோ தனிநபருக்குப் புதிதாகக் கடன் கொடுத்தால், கேஎஃப்எஸ் எனப்படும் முக்கிய விவரத் தாளை முன்கூட்டியே கொடுத்தாக வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதி போட்டிருக்கிறது. அதில் ஏபிஆர் என்று ஒரு வரி இருக்கும். வட்டி, பிராசசிங் கட்டணம், அவர்கள் மூலம் பிடிக்கப்படும் இன்சூரன்ஸ் எல்லாம் சேர்ந்த ஆண்டுச் செலவு அது. தவணைவாரியாக எவ்வளவு வட்டிக்கு, எவ்வளவு அசலுக்கு என்ற அட்டவணையும் இருக்க வேண்டும். வாங்குபவருக்குப் புரிகிற மொழியில் இருக்க வேண்டும், விளக்கிச் சொல்லவும் வேண்டும். ஒரு வாரத்துக்கு மேற்பட்ட கடன் என்றால் அந்தத் தாளில் உள்ள நிபந்தனைகள் குறைந்தது மூன்று வேலை நாளுக்குச் செல்லும். அதாவது வீட்டுக்கு எடுத்துப்போய் இரண்டு ராத்திரி தூங்கி எழுந்து யோசிக்கலாம். அவன் கட்டைவிரல் தள்ளிய வேகத்தில் எனக்கு அது இரண்டு விநாடி கிடைத்தது.

கந்துவட்டிக்காரர் கழுத்தைப் பிடித்தால் போலீசுக்குப் போகத் தமிழ்நாட்டில் 2003-ல் வந்த சட்டம் இருக்கிறது. இவர்கள் காகிதமெல்லாம் சுத்தமாக வைத்திருக்கிறார்கள். என் ஓடிபிதான் அவர்களுக்குச் சாட்சி.

5-ம் தேதிக்கும் 7-ம் தேதிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு மாதாமாதம் நான் பட்ட பாடு தனி. பக்கத்துக் கடைப் பையனிடம்கூட இரண்டு நாள் கைமாற்று வாங்கியிருக்கிறேன். ஆறாவது தவணைக்கு எதுவும் கிடைக்கவில்லை, பவுன்ஸ் ஆனது. என் வங்கி 590 பிடித்தது, அவர்கள் தனியாக 590 போட்டார்கள். மறுநாள் காலை 7:40-க்கு ஒரு போன். நான் எடுக்கவில்லை என்றதும் கடை நம்பருக்கு அடித்துவிட்டார்கள். ரெஃபரன்ஸ் என்று நான்தான் அந்த நம்பரைக் கொடுத்திருந்தேன். முதலாளி எடுத்தார். “என்னப்பா, பணம் கட்டலையாமே?” என்று மட்டும் கேட்டுவிட்டு ரிசீவரை வைத்தார். பதினாறு வருடமாக அவருடைய கல்லாவைப் பார்க்கிற ஆளிடம்.

காலை எட்டு மணிக்கு முன்னும் மாலை ஏழு மணிக்குப் பின்னும் வசூலுக்குப் போன் செய்யக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு. உறவினர், நண்பர்களைத் தொந்தரவு செய்யவும் கூடாது. அப்போது எனக்கு இது தெரியாது. தெரிந்திருந்தால் அந்த 7:40-ஐ அன்றைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுத்திருப்பேன்.

பதினாலு தவணை முடிந்ததும் மனைவியே, “போதும், நகையை எடுத்துட்டுப் போங்க, இதை முடிங்க” என்றாள். எவ்வளவு கட்டினால் முடியும் என்று நிறுவனத்தில் கேட்டேன். அதுவரை கட்டியது 1,05,784. முப்பத்தாறில் பதினாலு போனால் இருபத்திரண்டு, அசலில் 1,22,000-ச் சொச்சம்தான் பாக்கி இருக்கும் என்று நினைத்துப் போனேன். அவர்கள் கணக்கில் பாக்கி அசல் 1,36,742. முதல் தவணை 7,556-ல் 3,500 ரூபாய்க்கு மேல் வட்டிக்கே போயிருக்கிறது. சொல்லும்போது மாதம் 2,000 என்று ஃப்ளாட் கணக்கு, புத்தகத்தில் எழுதும்போது குறையும் பாக்கிக்கு 21 சதவீதக் கணக்கு. அதனால் ஆரம்பத் தவணைகளில் வட்டியைத்தான் அதிகம் எடுத்துக்கொள்கிறார்கள். அது தவிர முன்கூட்டி அடைப்பதற்கு அபராதம் 4 சதவீதம், அதற்கும் ஜிஎஸ்டி. ஆக 1,43,196.

மாறும் வட்டியில் தனிநபர் சொந்தத் தேவைக்கு வாங்கிய கடனுக்கு இந்த அபராதம் வாங்கக் கூடாது. பர்சனல் லோன் பெரும்பாலும் நிலையான வட்டி என்பதால் அந்தச் சலுகை எனக்கு இல்லை. அபராதத்தைக் கட்டியும் முடிப்பது லாபமா என்று பார்த்தேன். மீதி 22 தவணையும் கட்டினால் 1,66,232. முடித்தால் 23,000 ரூபாய் மிச்சம். வளையல் இரண்டையும் வங்கியில் 9 சதவீதத்துச் சொச்சத்துக்கு வைத்து ஒரு லட்சம், மிச்சத்துக்கு முதலாளியிடம் அட்வான்ஸ். அவர் ஒன்றும் கேட்காமல் எடுத்துக் கொடுத்தது அந்தப் போனைவிட அதிகமாகச் சுட்டது.

புகார் கொடுத்தீர்களா என்று கேட்பீர்கள். கொடுத்தேன். முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் அனுப்ப வேண்டும். முப்பது நாளில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தி இல்லை என்றால்தான் வாடிக்கையாளர் புகாரை விசாரிக்கும் ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேனுக்குப் போகலாம். அவர்களுடைய சிஎம்எஸ் என்ற புகார் இணையதளத்தில் செலவில்லாமல் பதியலாம், 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம். நான் நிறுவனத்துக்கு எழுதியதோடு கடைக்குப் போன் வருவது நின்றது, அவர்கள் போட்ட 590 திரும்பி வந்தது. இன்சூரன்ஸ் பணம் வரவில்லை. பாலிசி வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்க முப்பது நாள் அவகாசம் உண்டு. எனக்குப் பாலிசி ஒன்று இருப்பதே சரியாக உறைத்தது நாலாவது மாதத்தில். வட்டியைப் பற்றிய பதில் ஒரே வரி, ‘தாங்கள் ஒப்புதல் அளித்துள்ளீர்கள்.’ அளித்துத்தான் இருக்கிறேன்.

அக்காவுக்கு இதெல்லாம் ரொம்ப நாள் தெரியாது. தெரிந்த அன்றைக்கு விசேஷத்து மொய் நோட்டைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டாள். நான் செய்ததெல்லாம் பட்டு, நகை, கிடா என்று ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தது. “நாளைக்கு உன் மகனுக்குக் காதுகுத்து வச்சா, இதை நான் எப்படிடா திருப்பிச் செய்வேன்? உங்க மாமா இப்பவே புலம்புறாரு” என்று அழுதாள். நான் இதை யோசிக்கவே இல்லை. என் தலையில் ஒரு கடனை ஏற்றியது போதாதென்று அவள் தலையிலும் ஒன்றை ஏற்றி, அதற்கு மேளமும் அடித்திருக்கிறேன். காதுகுத்தைக் குலதெய்வம் கோயிலில் வீட்டு ஆட்களோடு முடிக்கலாம் என்று அன்றைக்கே பேசிக்கொண்டோம். மாமாவுக்குத்தான் நிம்மதி.

கடைசியாக ஒரு விஷயம், கடனை முடிப்பவர்களுக்கு. பணம் கட்டியதும் ரசீது கொடுத்தார்கள், பாக்கி இல்லை என்ற என்ஓசி 19 நாள் கழித்துத்தான் வந்தது. அதற்கு நடுவில் 5-ம் தேதி வந்ததா, கணக்கிலிருந்து வழக்கம்போல 7,556 எடுக்கப் பார்த்திருக்கிறார்கள். கணக்கில் இருந்தது 312 ரூபாய். இல்லாத கடனுக்குத் தவணை பவுன்ஸ் ஆனது என்று வங்கி மறுபடியும் 590 போட்டது, அடுத்த வரவில் பிடித்துக்கொள்ளுமாம். ஆகையால் கடனை முடித்த அன்றைக்கே கணக்கிலிருந்து தானாகத் தவணை பிடிக்க நாம் கொடுத்த அந்த அனுமதியை, அதாவது ஆட்டோ டெபிட் மேண்டேட்டை, ரத்து செய்யச் சொல்லி நிறுவனத்திலும் வங்கியிலும் தனித்தனியாக எழுதிக் கொடுத்து, நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். நான் போன சனிக்கிழமைதான் வாங்கினேன்.